தோட்டக் குளத்துக்கு 11 வாட் யூ.வி. விளக்கு: எந்தப் பாசிக்கு உதவும், எதற்கு உதவாது

தோட்டக் குளத்துப் பாசிக்கு மருந்து கேட்டால் பெரும்பாலும் கைக்கு வருவது யூ.வி. கிளாரிஃபையர், அதாவது புறஊதா விளக்கால் நீரைத் தெளியவைக்கும் கருவிதான். ஒரு முழத்துக்கும் குறைவான கறுப்புப் பிளாஸ்டிக் உருளை, இரு முனையிலும் ஹோஸ் மாட்டும் வாய், உள்ளே குவார்ட்ஸ் குழாய்க்குள் ஒரு பல்பு. 11 வாட் ரகம்தான் வீட்டுக் குளங்களுக்கு அதிகம் விற்பது. எந்த கம்பெனிப் பெட்டியைத் திறந்தாலும் உள்ளே இருப்பது ஏறக்குறைய ஒரே அமைப்பு என்பதால், இங்கே ரகத்தைத்தான் எடைபோடுகிறோம், பெயரை அல்ல.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். குளத்து நீர் முழுக்கப் பச்சையாகி, கையை முழங்கை வரை விட்டால் விரல் தெரியவில்லை என்றால் இதைவிட நம்பகமான கருவி கிடையாது, தாராளமாக வாங்கலாம். நீர் தெளிவாக இருக்கிறது, கல்லிலும் பம்பிலும் அல்லித் தண்டிலும் தலைமுடி மாதிரி இழையிழையாகப் பாசி தொங்குகிறது என்றால் இதை வாங்கவே வேண்டாம். அந்தப் பாசி விளக்கு இருக்கும் பக்கம் வரப்போவதே இல்லை.

பச்சைத் தண்ணீரை உண்டாக்குவது குளோரெல்லா, செனெடெஸ்மஸ் போன்ற மிதக்கும் நுண்பாசிகள். குளோரெல்லா செல் ஒன்றின் அளவு 2 முதல் 10 மைக்ரான். ஃபில்டர் ஸ்பான்ஜின் துளை அதைவிடப் பல மடங்கு பெரியது. எத்தனை ஸ்பான்ஜ் அடுக்கினாலும் அது பாட்டுக்கு நுழைந்து வெளியே வந்துவிடும். யூ.வி. விளக்கு இங்கேதான் உதவுகிறது. பல்பிலிருந்து வரும் 254 நானோமீட்டர் புறஊதாக் கதிர், கடந்துபோகும் செல்லின் டி.என்.ஏ.வைச் சிதைக்கிறது. அந்த செல் இனிப் பெருகாது. செத்த செல்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டு, ஸ்பான்ஜில் சிக்கும் அளவுக்கு வளர்கின்றன. ஆக, விளக்கு பாசியைக் குளத்தை விட்டு வெளியேற்றுவதில்லை. பிடிபடும் உருவத்துக்குக் கொண்டுவருகிறது, அவ்வளவுதான். பிடிப்பது ஃபில்டர், வெளியே கொட்டுவது நம் கை. ஃபில்டர் இல்லாமல் விளக்கை மட்டும் மாட்டிவிட்டுப் பலன் இல்லை என்பவர்கள் இந்தக் கணக்கை விட்டுவிடுகிறார்கள்.

வாங்குமுன் ஒரு சோதனை. கண்ணாடிப் பாட்டிலில் குளத்து நீரை எடுத்து, ஆட்டாமல் சில மணி நேரம் வையுங்கள். அடியில் பழுப்பாகப் படிந்து மேலே தெளிந்தால் அது மண். கோய் மீன்களும் தங்கமீன்களும் அடியைக் கிளறிக்கொண்டே இருக்கும் குளங்களில் இது சகஜம். இதற்கு விளக்கு ஒன்றும் செய்யாது. பச்சை அப்படியே நின்றால் நுண்பாசி. நீர் தெளிவாகவும் டீ நிறத்திலும் இருந்தால் இலைச்சருகின் சாயம். அந்தச் சாயம் புறஊதாக் கதிரை விழுங்கிவிடும், எனவே முதலில் சருகை வாரி, ஆக்டிவேட்டட் கார்பன் போட்டுச் சாயத்தை எடுத்த பிறகே விளக்கு. நான்காவது ஒன்றும் உண்டு: பெயின்ட் கொட்டியது போல மேற்பரப்பில் நீலப்பச்சைப் படலம், கூடவே கெட்ட வாடை. இது சயனோபாக்டீரியாவாக இருக்கலாம். சில வகைகள் நஞ்சு சுரக்கும். நாயை அந்த நீரைக் குடிக்க விடாதீர்கள், கையுறை இல்லாமல் கைவைக்காதீர்கள், கொல்லும் மருந்தும் போடாதீர்கள்; செல் உடைந்தால் உள்ளிருக்கும் நஞ்சு மொத்தமும் நீரில் கலக்கும்.

அடுத்தது அளவு. பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் '10,000 லிட்டர் வரை' என்று இருக்கும். திருப்பிப் பார்த்தால் சின்ன எழுத்தில், மீன் இருந்தால் அதில் பாதி, கோய் இருந்தால் கால்வாசி என்று இருக்கும். பெரிய எழுத்தை மறந்துவிடுங்கள். மீன் உள்ள குளத்துக்கு ஆயிரம் லிட்டருக்குச் சுமார் 2.6 வாட் என்பது நடைமுறைக் கணக்கு. 3 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், சராசரி ஆழம் 0.7 மீட்டர் என்றால் 4.2 கன மீட்டர், அதாவது 4,200 லிட்டர். பெருக்கினால் 10.9 வாட். 11 வாட் விளக்கின் நிஜமான எல்லை இதுதான். நாள் முழுக்க வெயில் விழும் குளம், அல்லது மீன் நெரிசல் என்றால் ஒரு படி மேலே, 18 வாட்டுக்குப் போங்கள். அளவு கூடினால் கெடுதல் ஒன்றுமில்லை. குறைந்தால் நீர் என்றைக்கும் இளம்பச்சையிலேயே நிற்கும்.

வாட்டுக்குச் சமமாக முக்கியம் நீரோட்டம். குளத்து நீரின் அளவு இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது விளக்கு வழியே போக வேண்டும்; மேலே சொன்ன குளத்துக்கு மணிக்கு 2,100 லிட்டர். ஒருமுறை சுற்றிவிட்டால் எல்லா நீரும் போய்வந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். போன நீர் குளத்தில் கலந்து மீண்டும் உறிஞ்சப்படுவதால், ஒரு சுற்று முடியும்போது 63 சதவீத நீரே விளக்கைப் பார்த்திருக்கும். மூன்று சுற்றில்தான் 95 சதவீதம். ஓட்டம் மந்தமானால் விளக்கு கொல்வதைவிட வேகமாகப் பாசி பெருகும். அதற்காகப் பெரிய பம்பை மாட்டித் தள்ளினாலும் கதை மாறாது. செல் விளக்கின் முன் நிற்கும் நேரம் குறைந்து, சாகாமல் தப்பிவிடும். உருளையின் மேல் அதிகபட்ச ஓட்டம் அச்சிட்டிருக்கும். பம்பு அதைத் தாண்டினால் டி-ஜாயின்ட் போட்டு, ஒரு பகுதியை வால்வு வழியாக நேரே குளத்துக்கு விட்டுவிடலாம்.

பம்பின் மேல் எழுதியிருக்கும் எண்ணையும் நம்பாதீர்கள். அது நீரைத் துளியும் மேலே ஏற்றாதபோது கிடைப்பது. அதிகபட்சம் 2 மீட்டர் உயரம் தள்ளும் பம்பு, 1 மீட்டர் உயரத்தில் பாதிக்கு அருகில்தான் தரும். ஹோஸ் உரசலில் இன்னும் கொஞ்சம் போகும். அளப்பது எளிது: எல்லாவற்றையும் மாட்டிய பிறகு, நீர் குளத்தில் விழும் இடத்தில் 10 லிட்டர் வாளியைப் பிடித்து, நிரம்பும் நேரத்தைப் பாருங்கள். 17 வினாடி என்றால் மணிக்கு 2,100 லிட்டர். 30 வினாடி ஆனால் 1,200தான். எங்கோ அடைப்பு இருக்கிறது, இல்லையேல் பம்பு சிறியது.

மாட்டும்போது கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு. உருளையோடு வரும் ஹோஸ் வாய் படிப்படியாகக் குறுகும்: அடியில் 40, அடுத்து 32, 25, நுனியில் 20 மில்லிமீட்டர். எந்த ஹோஸுக்கும் பொருந்தட்டும் என்று அப்படிச் செய்திருக்கிறார்கள். 40 மி.மீ. ஹோஸை அடிப்படியில் மாட்டிவிட்டு நுனியை அப்படியே விட்டால், நீர் முழுவதும் அந்த 20 மி.மீ. துளை வழியாகத்தான் போக வேண்டும். நம் ஹோஸ் பொருந்தும் படியை மட்டும் வைத்துக்கொண்டு, அதற்கு முன்னே நீட்டிக்கொண்டிருக்கும் குறுகிய படிகளை ஹாக்ஸா பிளேடால் அறுத்துவிடுங்கள், பிசிறைச் சீவிவிடுங்கள். ஓட்டம் கூடுவது வாளியிலேயே தெரியும். கிளிப் எஃகில் இருக்கட்டும், பிளாஸ்டிக் கிளிப் வெயிலில் வெடித்துவிடும்.

வரிசையைப் பொறுத்தவரை பம்பு, விளக்கு, ஃபில்டர் என்று வைப்பதே நல்லது. செத்துத் திரண்ட பாசி உடனே ஃபில்டரில் மாட்டும். ஃபில்டருக்குப் பிறகு விளக்கை வைத்தால் சுத்தமான நீர் போவதால் குவார்ட்ஸ் குழாய் அழுக்காவது குறையும் என்று வாதிடுபவர்களும் உண்டு, அதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் திரண்ட பாசி குளத்தை ஒரு சுற்றுச் சுற்றி, பாதி அடியில் படிந்துவிட்டுத்தான் ஃபில்டருக்கு வரும். உருளையை நிழலில், வெள்ளம் ஏறாத இடத்தில், பல்பைக் கழற்ற ஒரு பக்கம் முழு நீளத்துக்கு இடம் விட்டு வையுங்கள். இப்படி ஹோஸுக்கு இடையில் மாட்டும் இன்லைன் ரகத்தில் பெரும்பாலானவை நீரில் மூழ்கக்கூடாதவை. மின் இணைப்பில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.டி. (மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) இல்லாமல் எதையும் குளத்துக்கு அருகே கொண்டுபோகாதீர்கள்.

விளக்கு எரிகிறதா என்று உருளையைத் திறந்து பார்ப்பது கண்ணுக்கு ஆபத்து. ஹோஸ் வாயோ பார்வைத் துளையோ நீலமாக ஒளிர்வதைப் பார்த்தால் போதும். திறந்தவுடன் தானே அணைந்துவிடும் பாதுகாப்பு ஸ்விட்ச் உள்ள மாடல் கிடைத்தால் அதையே எடுங்கள்.

முதல் சில நாள் எந்த மாற்றமும் தெரியாது. பிறகு பச்சை மங்கி நீர் சாம்பல் பூத்தது போலக் கலங்கும். கெட்டுவிட்டது என்று பயந்து பலர் விளக்கை அணைப்பது இந்தக் கட்டத்தில்தான், உண்மையில் வேலை நடக்கிறது என்பதற்கு அடையாளமே அந்தக் கலங்கல். ஒன்று முதல் இரண்டு வாரத்தில் அடி தெரிய ஆரம்பிக்கும். அதுவரை ஸ்பான்ஜ் கண்டபடி அடைபடும். தினமும், அல்லது ஒருநாள் விட்டு ஒருநாள் பிழிய வேண்டியிருக்கும். ஒரு வாளியில் குளத்து நீரையே எடுத்து அதில் பிழியுங்கள். குளோரின் கலந்த குழாய் நீரில் பிழிந்தால் அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியா செத்துவிடும், அது மறுபடி பெருக 4 முதல் 6 வாரம் ஆகும். பிழிந்த நீரைச் செடிப் பாத்திக்கு ஊற்றுங்கள். குளத்திலேயே திருப்பிக் கொட்டினால் செய்த வேலை அத்தனையும் வீண்.

இரண்டு வாரம் கழித்தும் பச்சை குறையவில்லை என்றால் கொள்ளளவுக் கணக்கில் பிசகு, ஓட்டம் குறைவு, குவார்ட்ஸில் வெள்ளைப் படிவு, பழைய பல்பு, இந்த நான்கில் ஒன்றாகத்தான் இருக்கும். குளத்தைக் காலி செய்து புது நீர் நிரப்புவது மட்டும் வழியே இல்லை. புதுக் குழாய் நீரிலும் நைட்ரேட், பாஸ்பேட் இருக்கக்கூடும். போட்டிக்குச் செடி வேரூன்றாத நீரில் பச்சை முன்பைவிட வேகமாக ஏறும்.

இனி, பெட்டியில் எங்கும் எழுதியிராத விஷயம். நீர் தெளிந்ததும் வெயில் அடிவரை இறங்கும். அதுவரை மிதக்கும் பாசி தின்றுகொண்டிருந்த சத்து அப்படியே நீரில் இருக்கும். வெளிச்சமும் சத்தும் சேர்ந்து கிடைத்தால் ஸ்பைரோகைரா, கிளாடோஃபோரா போன்ற இழைப்பாசிகள் கல்லிலும் சுவரிலும் தழைக்கும். விளக்கு வாங்கிய சில வாரத்தில் 'இப்போது வேறு பாசி வந்துவிட்டது' என்ற புகார் வருவது இதனால்தான். கருவியில் குறை இல்லை. சத்து தீராதவரை ஒரு பாசி போனால் இன்னொரு பாசி.

அந்தச் சத்தில் முக்கியமானது பாஸ்பரஸ். பாசியின் வழக்கமான உடலமைப்புப்படி, ஒரு கிராம் பாஸ்பரஸ் காய்ந்த எடையில் நூறு கிராமுக்கு மேல் பாசியை வளர்க்கும். ஈர எடையில் அது கிலோ கணக்கு. மீன் தீனியில் சுமார் 1 சதவீதம் பாஸ்பரஸ் உண்டு. நாளுக்கு 10 கிராம் தீனி போட்டால் பத்து நாளில் ஒரு கிராம் பாஸ்பரஸ் குளத்துக்குள் போகிறது. ஒரு பங்கை மீன் உடம்பில் சேர்த்துக்கொள்ளும், மிச்சம் நீருக்கு. நைட்ரஜனாவது பாக்டீரியா வழியாக வாயுவாகி வெளியேற வழி உண்டு. பாஸ்பரஸுக்கு அந்த வழியும் இல்லை. கையால் வாரினால்தான் போகும். வாரிய பாசி, வெட்டிய இலை, உறிஞ்சிய சகதி, பிழிந்த ஸ்பான்ஜ் நீர், இவைதான் அது வெளியேறும் வாசல்கள். எனவே இரண்டு நிமிடத்தில் மீன் தின்று முடிக்கும் அளவுக்கு மேல் தீனி போடாதீர்கள். நீர்ப்பரப்பில் பாதிக்குக் குறையாமல் அல்லி, தாமரை இலை மூடியிருக்கட்டும். வேரை நீரில் தொங்கவிடும் செடிகளும் நன்றாக உறிஞ்சும், ஆனால் மாதத்துக்கு ஒருமுறையாவது வெட்டி எடுத்தால்தான் லாபம். குளத்திலேயே அழுகவிட்டால் வாங்கிய சத்தைத் திருப்பிக் கொடுத்துவிடும்.

இழைப்பாசிக்கு முதல் ஆயுதம் சொரசொரப்பான குச்சி. டாய்லெட் பிரஷை நீளக் கம்பில் கட்டி நீரில் சுழற்றினால் நூல் சுற்றுவது போலச் சுற்றிக்கொண்டு வரும். மிஞ்சியதற்கு சோடியம் பெர்கார்பனேட் தூள் நல்ல தேர்வு. எடையில் சுமார் 32 சதவீதம் ஹைட்ரஜன் பெராக்சைடு. மீதி சோடியம் கார்பனேட், அதாவது சலவை சோடா. நீரில் பட்டதும் பெராக்சைடு வெளிப்பட்டு, பாசியின் மேல் குமிழ்குமிழாகப் பொங்கி எரிக்கும். பிறகு நீரும் ஆக்சிஜனுமாகப் பிரிந்துவிடும். 1,000 லிட்டருக்கு 30 கிராம் போட்டால் லிட்டருக்குச் சுமார் 10 மில்லிகிராம் பெராக்சைடு வரும் என்று கணக்கு. போட வேண்டிய அளவு உங்கள் லேபிளில் இருப்பதே. பம்பை ஒரு மணி நேரம் நிறுத்தி, பாசித் திட்டின் மேலேயே தூவுங்கள். காற்றுக் குமிழி மோட்டார் மட்டும் ஓடட்டும். அல்லி இலையில் விழுந்தால் பொத்தல் விழும். ஒரே நாளில் குளம் முழுக்கத் தூவாதீர்கள்: பாதி இன்று, மீதி சில நாள் கழித்து. செத்த பாசி அழுகும்போது ஆக்சிஜனைக் குடிக்கும், விடியற்காலையில் மீன் மேலே வந்து வாய் பிளக்கும். வெளுத்து மிதப்பதை மறுநாளே வலையால் அள்ளிவிடுங்கள். கையுறை, கண்ணாடி கட்டாயம். தூளை நீரில் கரைத்து மூடிய பாட்டிலில் வைத்தால் வாயு அழுத்தத்தில் வெடிக்கும்.

மற்றவற்றைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. செம்பு கலந்த பாசிக்கொல்லி வேகமாக வேலை செய்யும். நத்தை, இறாலைக் கொன்றுவிடும், நீரின் காரத்தன்மை லிட்டருக்கு 50 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் மீனுக்கும் எமன். செம்பு சிதையாது, சகதியில் சேர்ந்துகொண்டே போகும். மீன் குளத்துக்கு நாங்கள் பரிந்துரைப்பதில்லை. நீலச் சாயம் வெளிச்சத்தைத் தடுப்பதால் ஆழமான குளத்தில் கொஞ்சம் உதவும், ஓரத்துப் பாசிக்கு எட்டாது, ஒவ்வொரு மழைக்கும் வெளிறும். பாக்டீரியா பாட்டில் சகதியைக் குறைக்கலாம், பாஸ்பரஸை எங்கும் கொண்டுபோகாது. ஊற்றினால் இரண்டு மூன்று நாள் விளக்கை அணைத்து வைக்க வேண்டும், இல்லையேல் வாங்கிய பாக்டீரியாவை விளக்கே கொல்லும். லாந்தனம் அடங்கிய பாஸ்பேட் பிடிப்பான்கள் சொன்னதைச் செய்கின்றன, தீனி குறையாத குளத்தில் திரும்பத் திரும்ப வாங்கிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். பார்லி வைக்கோல் சதுர மீட்டருக்கு 50 கிராம், தளர்வான வலைப்பையில், நீர் ஓடும் இடத்தில் மேற்பரப்பை ஒட்டி. குளிர்ந்த நீரில் பலன் தெரிய 6 முதல் 8 வாரம், 20 டிகிரிக்கு மேல் ஒன்றிரண்டு வாரம். புதுப் பாசியைத் தடுக்கும், இருப்பதைக் கொல்லாது, எல்லாக் குளத்திலும் ஒரே மாதிரி பலிப்பதும் இல்லை.

விளக்குக்கே திரும்புவோம். பல்பின் ஆயுள் 8,000 முதல் 9,000 மணி நேரம். ஒரு வருடம் என்பது 8,760 மணி. அதற்குப் பிறகும் நீலமாக எரியும், ஆனால் நீலம் வேறு, 254 நானோமீட்டர் வேறு. கண்ணுக்குத் தெரியாத அந்தப் பகுதி மங்கியிருக்கும். வருடத்துக்கு ஒருமுறை, பாசிப் பருவம் தொடங்கும் முன் மாற்றுங்கள். இரவில் அணைத்து மின்சாரம் மிச்சம் பிடிக்கப் பார்க்க வேண்டாம், அடிக்கடி அணைத்து எரித்தால் பல்பின் ஆயுள்தான் குறையும். 11 வாட் வருடம் முழுக்க எரிந்தால் 96 யூனிட். பக்கத்தில் ஓடும் 40 வாட் பம்பு தின்பது 350 யூனிட்.

பல்பு மாற்றும் நாளில் குவார்ட்ஸ் குழாயையும் கழற்றிப் பாருங்கள். கடின நீர் உள்ள இடத்தில் வெள்ளையாகச் சுண்ணாம்பு படிந்திருக்கும். வினிகரிலோ சிட்ரிக் அமிலக் கரைசலிலோ ஊறவைத்து மென்துணியால் துடையுங்கள், கீறல் விழக்கூடாது. நீர் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கில் சிலிக்கான் கிரீஸ் மட்டும். புதுப் பல்பைக் கண்ணாடியில் விரல் படாமல் பிடியுங்கள், பட்டுவிட்டால் ஆல்கஹாலால் துடையுங்கள். குழாய்க்குள் வியர்த்தது போல ஈரம் இருந்தாலோ பின்களில் துரு தெரிந்தாலோ ஓ-ரிங் போய்விட்டது. அதை மாற்றாமல் மின்சாரம் கொடுக்காதீர்கள். சில வருடம் போனால் பல்பைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக்கும் புறஊதாவில் மொறுமொறுத்துவிடும், மரையை இறுக்கும்போது விண்டுவிடும். இந்த ரகத்தின் உண்மையான பலவீனம் அதுதான்.

எனவே விலையைப் பார்க்குமுன் உதிரியைப் பாருங்கள். பல்பு 11 வாட், இரண்டு பின் கொண்ட ஜி23 அடி (பல்பைச் செருகும் பகுதி) என்றால் எந்தக் கம்பெனிப் பல்பும் பொருந்தும். 18, 24 வாட்டில் நான்கு பின் 2ஜி11. தனக்கென்று ஒரு அடி வைத்திருக்கும் மாடலில் கம்பெனி கையை விரித்தால் உருளையையே தூக்கிப்போட வேண்டும். குவார்ட்ஸ் குழாயும் ஓ-ரிங்கும் தனியாகக் கிடைக்கிறதா என்று கேளுங்கள். பல்பின் மேல் 254 நானோமீட்டர், அல்லது யூ.வி.-சி என்று அச்சிட்டிருக்க வேண்டும், வெறும் 'யூ.வி.' என்று மட்டும் போட்டிருந்தால் வாங்காதீர்கள், சாதாரணக் கண்ணாடியில் செய்த பல்பாக இருந்தால் நீல வெளிச்சம் வரும், வேலைக்கு வேண்டிய கதிர் கண்ணாடியைத் தாண்டாது. பழைய பல்பில் பாதரசம் இருக்கிறது. உடைக்காமல், புதுப் பல்பு வந்த அட்டையிலேயே போட்டு, மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள்.